வீட்டு மரம்

எலுமிச்சம்பழம் வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் அதை எடுத்து மோந்து பார்க்கிறார்கள். அது வீண் வேலை, ஐயா. வாசம் தோலோடு சரி. உள்ளே சாறு இருக்கிறதா, வெறும் சக்கையா என்று அது சொல்லாது. உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்வைக்குத் தெரிவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கனத்தால் நல்ல பழம். தோல் மெல்லிசாக, லேசான மினுமினுப்போடு இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் கடைக்குப் போகிறவர்களிடம் சொல்லி வையுங்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நேற்று விசாரணையில் உங்கள் உதவியாளர் என்னை விவரம் தெரியாத பெண்பிள்ளை போல நடத்தினார். "மருந்து டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நேற்றே எல்லாம் முடிந்திருக்கும், உங்களுக்கும் இன்று இந்த அலைச்சல் இருந்திருக்காது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அப்பா போனபோது எனக்கு மிஞ்சியது ஒரு தோப்பும் ஒரு தங்கையும். தங்கை அப்போது பாவாடை நாடாவைக் கூடச் சரியாகக் கட்டத் தெரியாத வயது. தோப்பும் அதே நிலையில்தான் இருந்தது. பாதி மரங்கள் காய்க்காமல் வீம்பு பிடித்துக்கொண்டு நின்றன. இரண்டையும் வளர்த்தேன். எலுமிச்சை லேசுப்பட்ட மரம் இல்லை. தண்ணீர் கூடினால் வேர் அழுகும், குறைந்தால் பிஞ்சு கொட்டும். அடியிலிருந்து கிளம்பும் போத்துகளை அப்போதைக்கப்போது வெட்டாவிட்டால் சத்தையெல்லாம் அவையே குடித்துவிடும். முள்ளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், என் கைகளைப் பார்த்தாலே தெரியும். ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் ஒரு வருஷம் முறைத்துக்கொண்டு நிற்கும் மரம் அது.

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் கேட்கவில்லை, அதற்கு நன்றி. கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். "தங்கச்சியும் என்னோடதான் இருப்பா" என்று நான் சொன்னதும் அவர்களுக்கு வேறு அவசர வேலை வந்துவிடும். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

தங்கை வளர்ந்தாள். வீட்டின் முன்பக்கத்து அறையில் பழம் பிழியும் மெஷின் ஒன்று போட்டேன். சந்தைக்குத் தேறாத சொத்தைப் பழத்தையெல்லாம் பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி பாட்டிலில் அடைப்போம். தோலை வெயிலில் காயவைத்துப் பொடித்தால் பாத்திரம் துலக்க ஆகும். விதையையும் விடமாட்டேன், நாற்றுக்குப் போட்டுவிடுவேன். எங்கள் வீட்டில் எலுமிச்சையில் வீணாய்ப் போவது எதுவும் கிடையாது. அந்த மெஷின் ஒருநாள் மக்கர் பண்ணியது. சரிசெய்ய வந்தவர்தான் என் தங்கையின் வீட்டுக்காரர். மெஷினைப் பார்க்க வந்த ஆள் வீட்டோடு தங்கிவிட்டார் என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனிதர். எனக்கு முன்னால் கால் மேல் கால் போட்டு உட்காரமாட்டார்.

பிறகு குழந்தை பிறந்தாள். ஒரு இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் எங்களுக்கு அவள் 'வாலு'. தங்கை நாள் முழுக்கச் சாற்று அறையில் நின்றுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். அதனால் வாலுவைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் நான்தான். தூக்கத்தில் என் காதுமடலைப் பிடித்துக்கொள்வாள். வேறு யார் காதும் அவளுக்குச் சரிப்படாது. பெற்றது அவள், வளர்த்தது நான் என்று நான் வாய்விட்டுச் சொன்னது இல்லை. மற்றவர்கள் சொல்வார்கள். நான் மறுக்கமாட்டேன்.

இனி மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எலுமிச்சைத் தளிருக்கு ஒரு புழு வரும். இலையின் தோலுக்குள்ளேயே புகுந்து, வெள்ளை வெள்ளையாகக் கோணல் கோடு போட்டுக்கொண்டே போகும். சின்னக் குழந்தை பென்சிலை வைத்துக் கிறுக்கியது போல இருக்கும். இலை சுருளும், காய் சிறுக்கும். மேலே தெளிக்கும் மருந்துக்கு அது மசியாது. வேரில் ஊற்றுவதற்கென்று ஒரு மருந்து இருக்கிறது. மண்ணில் இறங்கி, வேர் வழியாக ஏறி, இலைக்கும் காய்க்கும் போய்விடும். அந்த மரத்தில் புழு கை வைத்தால் செத்தது. மனிதரும் அப்படியே. மருந்தின் வீரியம் அடங்கும்வரை காயைத் தொடக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. அதனால் மருந்து ஊற்றிய மரத்தில் நான் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவேன். கெடு முடிந்ததும் நானேதான் அவிழ்ப்பேன். சிவப்பு இருந்தால் யாரும் பறிக்கமாட்டார்கள், இல்லாவிட்டால் தாராளமாகப் பறிப்பார்கள். எங்கள் தோப்பில் இதை யாரும் வாயால் கேட்பது கிடையாது, மரத்தைப் பார்த்தால் போதும்.

வீரியம் அடங்கியது என்பது டப்பாக்காரன் சொல்லும் பேச்சு. எங்களுக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அதனால் எலுமிச்சை போடுகிறவர்கள் எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், வீட்டு உபயோகத்துக்கு. அதற்கு மருந்து கிடையாது, குப்பையும் சாம்பலும்தான். இலையெல்லாம் புழு கிறுக்கி, பார்க்க அசிங்கமாக இருக்கும். காய் சிறுத்திருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போடலாம். நாங்கள் தின்னாததை வண்டி வண்டியாக ஊருக்கு அனுப்பினோம், ஐயா. அதற்காக இதுவரை யாரும் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தது இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொல்கிறேன்.

ஒருநாள் சாயங்காலம், நான் வாலுவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"அக்கா, ஒரு விஷயம் பேசணும்."

"பேசுங்க மாப்பிள்ளை."

"வெளியூர்ல ஒரு ஐஸ் ஃபேக்டரியில வேலைக்குக் கூப்பிடுறாங்க. மெஷின் பூரா என் பொறுப்பு. இருக்கறதுக்கு வீடும் தர்றாங்க."

"நல்லதாப் போச்சு. லீவு கிடைக்கும்போது வந்து பாத்துட்டுப் போங்க."

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை தட்டைப் பார்த்தாள்.

"இல்லக்கா. நாங்க மூணு பேருமே போறோம். புள்ளைக்கு இந்த மருந்து நாத்தம் ஒத்துக்கல. எப்பப் பாரு இருமிக்கிட்டே இருக்கா. டாக்டரும் எடத்தை மாத்திப் பாருங்கன்னு சொல்றாரு."

"நீயும் எங்களோட வந்துடுக்கா" என்றாள் தங்கை. "தோப்பை யாருக்காச்சும் குத்தகைக்கு விட்டுடலாம். எத்தனை வருஷம்தான் நீயும் முள்ளோட மல்லுக்கட்டுவே?"

"நான் வந்துட்டா இதுங்களை யாரு பாப்பா?" என்று ஜன்னலைக் காட்டினேன். அவள் திரும்பக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் கோபம் என்று எழுதினால் அது தப்பு. எனக்குப் பயம் வந்தது. காலையில் எழுந்து யாருக்கும் தலை பின்னாமல், யாரையும் அதட்டாமல், ஒரு டம்ளர் மட்டும் கழுவிக் கவிழ்த்து வைக்கும் வீட்டை நினைத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் கிளம்புவதாகச் சொன்னார்கள். நான் சரி என்று சொல்லி, வாலுவின் வாயைத் துடைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் வீட்டு மரத்துக்கு மருந்து ஊற்றினேன். தளிரில் புழு அதிகமாக இருந்தது, அதனால் ஊற்றினேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது பொய் இல்லை. புழு இருந்தது. எல்லா வருஷமும் இருக்கும்.

ஒளிந்து மறைந்து எதுவும் செய்யவில்லை, பட்டப்பகலில்தான் செய்தேன். தங்கை சாற்று அறையில் இருந்தாள், மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை டவுனுக்குப் போயிருந்தார். பாத்தியைக் கிளறி, மருந்தை ஊற்றி, மண்ணை இழுத்து மூடினேன். தோப்பு மரத்துக்கு ஊற்றுவதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன், அது பெரிய மரம். சிவப்புத் துணி ஏன் கட்டவில்லை என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். கட்டியிருந்தால் யாரும் பறித்திருக்கமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் எலுமிச்சையை ஒழுங்காகக் குடிக்கிறவர் மாப்பிள்ளை ஒருத்தர்தான். தொப்பை கரையும் என்று யாரோ சொல்லி, தினமும் காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் பிழிந்து குடிப்பார். "தொப்பை கரையறதுக்குள்ள மரம் கரைஞ்சுடும் போலிருக்கு" என்று தங்கை அவரை ஓட்டுவாள். அவளுக்குப் புளிப்பு என்றாலே ஆகாது, நெஞ்செரிச்சல். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வாலுவுக்கு மட்டும் பழத்தை நறுக்கி நக்கும் பழக்கம் உண்டு. அவளைக் கூப்பிட்டு, பல்லெல்லாம் கரைந்து பொக்கையாகிவிடும், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கிழவி என்பார்கள் என்று பயமுறுத்தினேன். அன்றோடு விட்டுவிட்டாள். எனக்கு வாய்வுத் தொல்லை என்று சொல்லி நானும் நிறுத்திக்கொண்டேன். நான் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் என்பதை நீங்களே பாருங்கள். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு இருந்தது.

அவர் படுக்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். ஐஸ் ஃபேக்டரிக்காரர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். அவர் எழுந்திருக்காமலே போனால் என்ன என்று நினைத்தாயா என்று கேட்பீர்கள். நினைத்தேன். தங்கையும் வாலுவும் இன்னும் கெட்டியாக என்னோடு ஒட்டிக்கொள்வார்கள் என்றும் நினைத்தேன். தோப்பு வேலையில் கை தன் பாட்டுக்குப் போகும், மனசு இப்படி எதையாவது நினைத்துக்கொண்டிருக்கும்.

கொஞ்ச நாளில் அவருக்கு வாந்தி ஆரம்பித்தது. தலைசுற்றல், கை நடுக்கம். வயிறு சரியில்லாத ஆளுக்கு வீட்டில் என்ன கொடுப்பார்கள்? எலுமிச்சையைப் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டு, மணிக்கொரு தரம் தங்கை கொடுத்தாள். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குடிதண்ணீர் கெட்டிருக்கும், இனிமேல் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் அவர் மெல்லத் தேறினார்.

ஆனாலும் அவர் அங்கே படுத்திருந்த நாட்கள் நன்றாக இருந்தன. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நடந்ததைச் சொல்கிறேன். தங்கை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து என் மடியில் தலை வைத்துப் படுப்பாள், சின்ன வயதில் படுத்தது போல. வாலு என் காதைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான். வெளியூர்ப் பேச்சே அந்த நாட்களில் எழவில்லை.

ஒருநாள் மதியம் தோப்பிலிருந்து வந்தேன். தங்கை சமையலறைத் தொட்டிக்கு அருகில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கையில் நறுக்கிய எலுமிச்சம்பழம். உப்பைத் தொட்டுத் தொட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள். புளிப்பு ஆகவே ஆகாத என் தங்கை.

என்னைப் பார்த்ததும் திருடி மாட்டிக்கொண்டவள் போலச் சிரித்தாள்.

"என்னடி இது?"

"என்னமோ தெரியலக்கா. ஒரு வாரமா இது இல்லாம இருக்க முடியல. வாய் கசக்குது. இதை வெச்சாத்தான் நிக்குது."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவளும் புரிந்துகொண்டு தலையை ஆட்டினாள்.

"நாள் தள்ளிப் போயிருக்கு. அவருக்கு இன்னும் சொல்லல. வீட்டுக்கு வரட்டும்னு இருக்கேன்."

பிறகு கையிலிருந்த பழத்தைப் பார்த்து, "இது நம்ம வீட்டு மரத்துக் காய்தானே? தோப்புக் காய் இதுல கலந்துடலயே?" என்று கேட்டாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு அந்த ஜாக்கிரதை தானாகவே வந்துவிடுகிறது.

"வீட்டு மரத்துக் காய்தான்" என்றேன்.

இந்த இடத்தில் நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். நான் அப்போதே ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தேன். கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், மரத்தில் பழுத்தது, பழுக்காதது என்று கைக்கு எட்டியதையெல்லாம் பறித்தேன். கொண்டுபோய்ப் புதைத்துவிடலாம் என்று இருந்தேன். கையுறை போடவில்லை, கையெல்லாம் கிழிந்து ரத்தம். கூடை நிறைந்தபோது தங்கை கதவருகில் வந்து நின்றாள். கூடையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"எனக்காகவாக்கா இத்தனையும் பறிச்சே? கையைப் பாரு, எப்படிக் கிழிஞ்சு கெடக்குன்னு."

ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை அப்படிக் கட்டிப் பிடித்ததில்லை. என் தோளில் முகத்தை வைத்து அழுதாள், சிரித்தாள். எனக்கும் அழுகை வந்தது. இல்லையடி, இது உனக்கில்லை என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? கூடையை உள்ளே கொண்டுபோய் மேஜையில் வைத்தேன்.

மாப்பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தார். எலுமிச்சை வாசமே அவருக்குக் குமட்டியது, ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது என்று டம்ளரைத் தள்ளிவிட்டார். அவர் பிழைத்தது அதனால்தான். தங்கைக்கு வாந்தி கூடிக்கொண்டே போனது. எல்லோரும் மசக்கை என்றார்கள். பக்கத்துத் தோட்டத்து அம்மா வந்து பார்த்துவிட்டு, "மொதப் புள்ளைக்கு இல்லாத கூத்தெல்லாம் ரெண்டாவதுக்குத்தான் வரும்" என்று சிரித்துவிட்டுப் போனார். கை நடுங்கியதற்கும் மசக்கை, எழுந்தால் கண் இருட்டியதற்கும் மசக்கை. நான் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. சோறு இறங்கவில்லை அவளுக்கு. எலுமிச்சை ஒன்றுதான் வேண்டும் என்பாள். கூடை காலியானதும் மரத்தில் மிச்சமிருந்ததைப் பறித்துக் கொடுத்தேன். நான் கொடுக்காவிட்டால் அவளே எழுந்துபோய்ப் பறிப்பாள், தள்ளாடுகிறவளுக்கு முள் குத்திவிடும்.

ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "ரொம்பப் புளிப்புத் தின்னாதடி, வயிறு புண்ணாயிடும்" என்றேன். "நீ ஒருத்திக்கா, போ" என்று சிணுங்கினாள். சொல்லியாகிவிட்டது, அவள்தான் கேட்கவில்லை என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்புறம் ஒருநாள் அவளே என்னைக் கூப்பிட்டாள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பேசுவதற்கே மூச்சு வாங்கியது.

"அக்கா, நாங்க போகல. அவர்கிட்டயும் சொல்லிட்டேன். இந்த நெலமையில உன்ன விட்டுட்டு அங்க போயி நான் என்ன பண்ணுவேன்? ரெண்டாவதையும் நீதான் வளக்கணும்."

"சரி" என்றேன். வேறு என்ன சொல்ல? நான் கேட்டதெல்லாம் அதுதான். அதை வாங்குவதற்காகத்தான் இத்தனையும்.

அன்று மாலையே மரத்தில் மிச்சமிருந்த காயையெல்லாம் உதிர்த்துக் குழி தோண்டிப் புதைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்குச் சாதகமான விஷயம் அது. எலுமிச்சை தீர்ந்துவிட்டது என்று சொல்லி அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஆனால் அவள் உடம்பு அதற்குள் எங்கேயோ போய்விட்டிருந்தது. வாய் கோணியது, நினைவு தப்பித் தப்பி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன சாப்பிட்டாங்க? ஏதாவது மருந்து கிருந்து? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி வைத்தியம் பண்ணலாம்" என்று கேட்டார். மாப்பிள்ளை தெரியாது என்றார். நானும் தெரியாது என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள். என்னோடு இருந்திருக்கமாட்டாள்.

அவள் கை என் கையில்தான் இருந்தது. விரல் ஒவ்வொன்றாகச் சில்லிட்டுப் போவதை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றிலிருந்ததும் அவளோடு போயிற்று.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்களும் போன பிறகு மாப்பிள்ளை சமையலறை ஜன்னலுக்கு வெளியே போய் உட்கார ஆரம்பித்தார். நாள் முழுக்க அந்த மரத்தடியில்தான். ஒருநாள் எழுந்து உள்ளே வந்தார். கையில் ஒரு இலை இருந்தது. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, வீட்டு மரத்து இலையில ஒரு கோடுகூட இல்லையே."

"இந்தத் தடவை புழு வரல போலிருக்கு."

"வேலியோரத்துல முளைச்ச கன்னுல இருக்கு. பக்கத்துத் தோட்டத்துலயும் வீட்டு மரத்துல இருக்கு, போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன். நம்ம மரத்துல மட்டும் இல்ல."

இலையை மேஜையில் வைத்தார். கரும்பச்சை, பளபளவென்று எண்ணெய் தடவியது போல. அந்த மரம் நட்ட நாளிலிருந்து அவ்வளவு அழகான இலை அதில் வந்ததில்லை.

"ஊத்துனீங்களா?"

"ஆமா மாப்பிள்ளை" என்றேன். நேருக்கு நேர் கேட்டால் மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதற்கு முன் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. வாலுவின் பள்ளிக்கூடப் பையையும் செருப்பையும் எடுத்தார். அவள் என் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படியே தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டார். வாசலைத் தாண்டும்போது அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. "பெரியம்மா வரலையாப்பா?" என்று கேட்டாள். அவர் திரும்பிப் பார்க்காமல் வண்டியை நோக்கி நடந்தார். நான் வாசல் வரைக்கும் போனேன். அவளுக்கு ஒரு சட்டைகூட எடுத்துக்கொள்ளவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறார்.

நீங்கள் கேட்ட மாதிரியே சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு மரத்துக்கு மருந்து ஊற்றியது நான். அது காய்க்கு ஏறும் என்று தெரிந்து, துணி கட்டாமல் விட்டது நான். என் தங்கையின் வீட்டுக்காரர் குடிக்க வேண்டும் என்று ஊற்றினேன். என் தங்கை தின்றாள், அது தெரிந்தும் பறித்துக் கொடுத்தேன். அவள் கர்ப்பமாக இருந்தது எனக்குத் தெரியும். டாக்டர் கேட்டபோது மறைத்தேன். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் கூட இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

தண்டனையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எத்தனை வருஷம் என்றாலும் சரி, தூக்கு என்றாலும் சரி. ஒரே ஒரு விஷயம் மட்டும் நீங்கள் பெரிய மனசு பண்ணிச் செய்து கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வேலைக்குப் போனால் வாலுவை யார் பார்ப்பார்கள்? அவருக்குத் தலை பின்னத் தெரியாது. அவள் சாப்பாட்டை வாயிலேயே அடக்கி வைத்துக்கொள்வாள், பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லி முழுங்க வைக்க வேண்டும். அவளை அடிக்கடி இங்கே என்னிடம் கூட்டிவரச் சொல்லுங்கள். அவர் மாட்டேன் என்பார், நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பார். தாயில்லாப் பிள்ளை, ஐயா. என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?